இரவில் பதினைந்து நிமிடம்: உள்ளத்தை ஆராயும் பழக்கத்தைத் தொடங்குவோருக்கு

படுக்கப் போகும் முன் பெரும்பாலானோர் சொல்லும் ஜெபத்தில் ஒரு வரி நிச்சயம் இருக்கும்: "ஆண்டவரே, இன்று நான் செய்த பாவங்களையெல்லாம் மன்னியும்." அந்த "எல்லாம்" ஒரு சாக்கு மூட்டை. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமலேயே வாயைக் கட்டி ஆண்டவரிடம் ஒப்படைத்துவிட்டுத் தூங்கிவிடுகிறோம். அவர் மன்னிப்பார் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் மறுநாள் காலை அதே மூட்டை அதே இடத்தில் இருக்கிறதே, ஏன்? அதைப் பிரித்துப் பார்க்கும் வேலைக்குத்தான் கத்தோலிக்கர் ஆன்மசோதனை என்றும், மற்றச் சபையினர் தற்பரிசோதனை என்றும் பெயர் வைத்திருக்கிறார்கள்.

வேதாகமம் "இருதயம்" என்று சொல்லும்போது உணர்ச்சியை மட்டும் சொல்வதில்லை. யோசிப்பது, விரும்புவது, முடிவெடுப்பது எல்லாம் அங்கேதான் நடக்கின்றன. மாற்கு 7-ஆம் அதிகாரத்தில் பொல்லாத சிந்தனை, களவு, வன்கண், பெருமை எல்லாம் மனுஷருடைய இருதயத்திலிருந்து புறப்பட்டு வருவதாக இயேசு பட்டியல் போடுகிறார். ஆகவே "இன்று யாரையும் அடிக்கவில்லை, திருடவில்லை" என்பதோடு சோதனை முடிவதில்லை. வெளியே வந்தது என்ன, அது உள்ளே எந்த மூலையிலிருந்து வந்தது என்று இரண்டையும் பார்க்க வேண்டும்.

முதலிலேயே ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். ஆராய்கிறவர் நீங்கள் அல்ல. "எல்லாவற்றைப்பார்க்கிலும் இருதயமே திருக்குள்ளதும் மகா கேடுள்ளதுமாயிருக்கிறது, அதை அறியத்தக்கவன் யார்?" என்று எரேமியா 17:9 கேட்கிறது; அடுத்த வசனத்திலேயே, அதை ஆராய்கிறவர் நானே என்று கர்த்தர் பதில் சொல்கிறார். சங்கீதம் 139-இன் கடைசியில் வரும் ஜெபமும் அப்படித்தான்: "தேவனே, என்னை ஆராய்ந்து, என் இருதயத்தை அறிந்துகொள்ளும்." நான் என்னை ஆராய்ந்தேன் என்று அங்கே தாவீது பெருமை பேசவில்லை. விளக்கைப் பிடிப்பவர் கர்த்தர். விளக்கு விழும் இடத்தைப் பார்ப்பது மட்டும் நம் வேலை. இந்த ஒன்று பிடிபடாமல் தொடங்குகிறவர்கள் ஒன்று தங்களையே நோண்டி நோண்டிப் புண்ணாக்கிக்கொள்வார்கள், இல்லையென்றால் தங்களுக்குத் தாங்களே நற்சான்றிதழ் எழுதிக்கொள்வார்கள்.

முறை எங்கிருந்து வந்தது

இங்கே சொல்லப்போகும் ஐந்து படி முறை, ஸ்பெயின் நாட்டுப் போர்வீரராக இருந்து புனிதரான லொயோலா இஞ்ஞாசியாருடையது. 1521-இல் பம்ப்லோனா கோட்டைச் சண்டையில் பீரங்கிக் குண்டு பட்டு அவர் கால் முறிந்தது. படுக்கையில் கிடந்த நாட்களில் தன் மனத்தில் ஒரு வித்தியாசத்தைக் கவனித்தார். வீர சாகசங்களைக் கற்பனை செய்யும்போது இனிக்கிறது, கற்பனை கலைந்ததும் உள்ளே வறண்டுபோகிறது. புனிதர்களைப் போல வாழ்வதை நினைக்கும்போதும் இனிக்கிறது, நினைப்பு போன பிறகும் அந்த இனிப்பு நிற்கிறது. இனிப்பதை வைத்து அல்ல, பிறகு வாயில் நிற்கும் சுவையை வைத்து நினைப்புகளைத் தரம் பிரிக்கலாம் என்று அவர் கண்டுகொண்டது அங்கேதான். பின்னர் அவர் எழுதிய 'ஆன்மீகப் பயிற்சிகள்' என்ற நூலுக்கு 1548-இல் திருத்தந்தை மூன்றாம் பவுல் ஒப்புதல் அளித்தார். இஞ்ஞாசியார் தொடங்கிய இயேசு சபையினர் இன்றும் நாளுக்கு இரண்டு முறை இந்தச் சோதனையைச் செய்கிறார்கள்.

தமிழுக்கும் இதற்கும் பழைய உறவு உண்டு. தமிழில் முதன்முதலாக அச்சான ஒரு சில நூல்களுள் ஒன்று, பாவசங்கீர்த்தனத்துக்கு, அதாவது குருவிடம் பாவ அறிக்கை செய்வதற்கு, தயாராகிறவர்களுக்கான கையேடு. முத்துக்குளித்துறையில் பணியாற்றிய இயேசு சபைக் குரு ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் தயாரித்து, 1580-இல் கொச்சியில் அச்சானது. சீர்திருத்தச் சபைகளிலும் இந்தப் பழக்கம் வேறு உருவில் உண்டு. சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தர் 1529-இல் எழுதிய சிறிய ஞானோபதேசம், பத்துக் கட்டளைகளை வைத்து உன் நிலையை யோசித்துப் பார் என்கிறது: நீ தகப்பனா, தாயா, மகனா, எஜமானா, வேலைக்காரனா என்று கேட்கிறது. 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய லூத்தரன் மிஷனரி சீகன்பால்கு அதைத் தமிழாக்கினார். எந்தச் சபைக்காரரும் இது நமக்குரியது அல்ல என்று ஒதுக்க வேண்டியதில்லை.

தொடங்கும் முன்

நேரம் 15 நிமிடம். கூட்ட வேண்டாம். ஆர்வத்தில் முதல் வாரம் ஒரு மணி நேரம் உட்காருகிறவர்கள் மூன்றாவது வாரம் உட்காருவதே இல்லை. அலாரம் வைத்துக்கொள்ளுங்கள், அது அடித்ததும் பாதியில் இருந்தாலும் முடித்துவிடுங்கள்.

படுக்கையில் படுத்துக்கொண்டு செய்தால் இரண்டாம் படியிலேயே தூக்கம் வந்துவிடும். இரவுச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவில், நாற்காலியிலோ பாயிலோ நிமிர்ந்து உட்கார்ந்து செய்யுங்கள். இரவு ஷிப்ட் பார்க்கிறவர்களுக்கு "நாள்" எப்போது முடிகிறதோ அப்போது. கைக்குழந்தை வைத்திருக்கும் தாய்மார் குழந்தைக்குப் பால் கொடுக்கும் நேரத்தில்கூடச் செய்யலாம். நிமிர்ந்துதான் உட்கார வேண்டும் என்ற சட்டம் அவர்களுக்கு இல்லை.

ஒரு சின்ன நோட்டு, ஒரு பேனா. செல்போனில் எழுத வேண்டாம். எழுதப் போய் ஒரு செய்தி வந்து, அதற்குப் பதில் போட்டு, கடைசியில் யாரோ மீன் பொரிக்கும் வீடியோவில் போய் முடியும். நோட்டை வீட்டில் யாராவது எடுத்துப் படித்துவிடுவார்களோ என்ற பயம் இருந்தால் முழு வாக்கியம் எழுதாதீர்கள். உங்களுக்கு மட்டும் புரியும் ஒரு எழுத்தோ சொல்லோ போதும். பிறர் படிக்கக்கூடும் என்ற நினைப்போடு எழுதும்போது நம்மை அறியாமலே அழகாக எழுத ஆரம்பித்துவிடுவோம்.

ஐந்து படிகள்

முதல் படி நன்றி, 3 நிமிடம். இதைத் தாண்டிவிட்டு நேராகப் பாவத்துக்குப் போகத்தான் எல்லாருக்கும் கை துறுதுறுக்கும். போகாதீர்கள். இஞ்ஞாசியார் நன்றியை முதலில் வைத்ததற்குக் காரணம் உண்டு: யாரிடம் பேசுகிறோம் என்பது முதலில் மனத்தில் பதிய வேண்டும். நீதிபதி முன் கைகட்டி நிற்பவன் வழக்கை மறைப்பான். தகப்பன் முன் உட்கார்ந்திருக்கிறவன் உள்ளதைச் சொல்வான். நன்றியும் பொதுவாக இருக்கக் கூடாது. "இன்றைய நாளுக்காக நன்றி" என்றால் மறுபடியும் சாக்கு மூட்டைதான். பேருந்தில் எழுந்து இடம் கொடுத்த பையன், மத்தியானம் சட்டென்று தணிந்த தலைவலி, சரியாக உப்பு விழுந்த குழம்பு என்று இன்றைக்கு மட்டுமே உரிய மூன்று காரியங்களைச் சொல்லுங்கள். மூன்று கிடைக்காத நாட்கள் உண்டு. அன்று ஒன்று போதும்.

இரண்டாம் படி வெளிச்சம் கேட்பது, 1 நிமிடம். "நீர் காட்ட விரும்புவதைக் காட்டும், அதைத் தாங்கும் பலத்தையும் தாரும்" என்ற அளவில் முடித்துக்கொள்ளுங்கள். சங்கீதம் 139:23-24-ஐ அப்படியே சொல்வதும் வழக்கம்.

மூன்றாம் படி நாளைத் திரும்பப் பார்ப்பது, 6 நிமிடம். வேலையின் பெரும்பகுதி இங்கேதான் நடக்கிறது. இதைப் பற்றிக் கீழே விரிவாக வருகிறது.

நான்காம் படி மன்னிப்புக் கேட்பது, 3 நிமிடம். மூன்றாம் படியில் கண்டதை அதன் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். பெயர் சொல்லிக் கேட்ட பிறகு மன்னிப்பை வாங்கிக்கொள்ளவும் வேண்டும். கேட்டுவிட்டு வாங்காமல் எழுந்து போகிறவர்கள் நிறையப் பேர். 1 யோவான் 1:9-ஐ மெதுவாக வாசித்துவிட்டு ஒரு நிமிடம் சும்மா இருங்கள்.

ஐந்தாம் படி நாளை, 2 நிமிடம். ஒரே ஒரு செயல், நாளைக்கே செய்ய முடிந்தது, யாரிடம் எப்போது என்று சொல்லக்கூடியது. "இனிமேல் பொறுமையாக இருப்பேன்" என்பது தீர்மானமே அல்ல. "காலையில் பள்ளி வேன் வரும் முன் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பேன்" என்பது தீர்மானம்.

மூன்றாம் படியைச் செய்யும் விதம்

முடிந்த நாளை நான்கைந்து துண்டுகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். எழுந்தது முதல் வீட்டை விட்டுக் கிளம்பும் வரை, போகும் வழி, முற்பகல், பிற்பகல், மாலையும் இரவும். ஒவ்வொன்றையும் வேகமாக ஓட்டிப் பாருங்கள். காய்ந்த வேட்டியை மடிக்கும்போது துணியில் ஒட்டிய முள் விரலில் தட்டுமே, அப்படி ஏதாவது ஓரிடத்தில் மனம் தட்டும். அங்கே நில்லுங்கள். தட்டாத இடங்களில் வலிந்து தேடாதீர்கள்.

தட்டிய இடத்தில் நான்கு கேள்விகள். என்ன செய்தேன் அல்லது சொன்னேன்? அதற்குச் சற்று முன்பு மனத்தில் என்ன ஓடியது? அப்போது எனக்கு என்ன வேண்டியிருந்தது? எதை இழந்துவிடுவேன் என்று பயந்தேன்?

ஒரு மாலையை எடுத்துப் பார்ப்போம். வேலை முடிந்து வீட்டுக்கு வந்த அம்மா. மகன் பால் டம்ளரைத் தட்டிவிடுகிறான். "கண்ணு எங்கடா இருக்கு உனக்கு? எதைத் தொட்டாலும் நாசம்!" என்று கத்துகிறாள். பையன் பேசாமல் போய்த் தரை துடைக்கும் துணியை எடுத்து வருகிறான். இரவு ஆன்மசோதனையில் "கோபப்பட்டேன், மன்னியும்" என்று சொன்னால் பொய் இல்லை. ஆனால் மேலோட்டம்.

இரண்டாவது கேள்வியைக் கேட்கிறாள். அதற்கு முன்பு என்ன ஓடியது? கால் மணி நேரம் முன்பு செல்போனைப் பார்த்திருந்தாள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தங்கையின் புது வீட்டுப் பிரதிஷ்டைப் படங்கள். எல்லாரும் வாழ்த்தியிருந்தார்கள், அவளும் இரண்டு கைகூப்பும் படம் போட்டிருந்தாள். அவளுடைய அம்மா மட்டும் "என் சின்ன மகள் எங்களைத் தலை நிமிர வைத்துவிட்டாள்" என்று எழுதியிருந்தார். அந்த வரியில் ஏதோ குத்தியது. மூன்றாவது கேள்வி: என்ன வேண்டியிருந்தது? அம்மா தன்னைப் பற்றியும் அப்படி ஒரு வரி எழுத வேண்டும். நான்காவது: என்ன பயம்? வாடகை வீட்டிலேயே கிடக்கும் தன்னை இனி யாரும் கணக்கில் எடுக்க மாட்டார்கள் என்பது.

டம்ளர் வெறும் சாக்கு. கீழே பொறாமை இருக்கிறது, அதற்கும் கீழே அம்மாவின் வாயிலிருந்து ஒரு நல்ல சொல்லுக்கு ஏங்கும் பழைய தாகம் இருக்கிறது. இப்போது நான்காம் படியில் அவள் மூன்றையும் சொல்லலாம்: பிள்ளையிடம் கத்தியதற்கும் பொறாமைக்கும் மன்னிப்பு, அந்தத் தாகத்துக்கு மருந்து. தாகம் பாவம் அல்ல என்பதைக் கவனியுங்கள். அதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. ஐந்தாம் படியில் ஒரே செயல்: காலையில் மகனிடம் "பால் கொட்டினதுக்காக அம்மா கத்தலடா, வேற கோபம், தப்பு என்மேல" என்று சொல்வது. தங்கைக்குப் போன் செய்வது நாளை மறுநாளைக்கு இருக்கட்டும்.

இவ்வளவும் ஆறு நிமிடத்தில் நடக்குமா? முதல் மாதம் நடக்காது. முதல் கேள்வியிலேயே நேரம் போய்விடும். போகட்டும். இரண்டு மூன்று வாரத்தில் ஒரே முள் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் தட்டுவது தெரியவரும், அப்போது தோண்டுவது தானாகவே வேகமாகும்.

தட்டும் இடங்கள் எல்லாம் பாவமாகத்தான் இருக்கும் என்றும் இல்லை. காரணம் தெரியாமல் மனம் லேசாகிப்போன இடமும் தட்டும். மருத்துவமனையில் ஒரு நோயாளியோடு பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தது அப்படி நினைவுக்கு வந்தால், அங்கேயும் நில்லுங்கள். ஆண்டவர் உங்களை எங்கே இழுக்கிறார் என்பதை அத்தகைய இடங்கள்தான் காட்டும். குற்றங்களை மட்டும் பொறுக்கும் சோதனை பாதிச் சோதனை.

நினைப்பு வந்தாலே பாவமா?

புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது. கெட்ட நினைப்பு வருவது வேறு, அதை வரவேற்பது வேறு. வாசலில் எவனோ வந்து மணி அடித்தால் அது வீட்டுக்காரன் குற்றம் அல்ல. கதவைத் திறந்து, உட்கார வைத்து, காபி கொடுத்து, "அப்புறம்?" என்று கதை கேட்டால் குற்றம். இஞ்ஞாசியாரும் இப்படித்தான் பிரிக்கிறார்: வந்த கெட்ட நினைப்பை உடனே விரட்டினால் அது பாவம் அல்ல, வெற்றி. மறுபடி மறுபடி வந்து மறுபடி மறுபடி விரட்டினால் இன்னும் பெரிய வெற்றி. கொஞ்சம் காது கொடுத்துக் கேட்டால்தான் குற்றம் தொடங்குகிறது. ஆகவே இரவில் "அந்த நினைப்பு எத்தனை முறை வந்தது?" என்று எண்ணாதீர்கள். "வந்தபோது என்ன செய்தேன்?" என்று கேளுங்கள்.

ஒரே குறையை எடுத்துக்கொள்வது

மேலே சொன்னது பொதுச் சோதனை. அதோடு சேர்த்துத் தனிச் சோதனை என்று ஒன்று உண்டு. ஒரு காலத்தில் ஒரே ஒரு குறையை மட்டும் எடுத்துக்கொண்டு மல்லுக்கு நிற்பது. இஞ்ஞாசியார் சொன்ன செய்முறை ஏறக்குறைய கணக்குப்பிள்ளை வேலை.

ஒரு பக்கத்தில் ஏழு நாட்களுக்கு ஏழு வரிசை. ஒவ்வொரு வரிசையிலும் ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு கோடு: மேல் கோடு காலை முதல் மதியம் வரை, கீழ்க் கோடு மதியம் முதல் இரவு வரை. காலையில் எழுந்ததும் இன்று அந்தக் குறையில் விழாதபடி பார்த்துக்கொள்வேன் என்று தீர்மானம். மதியச் சாப்பாட்டுக்குப் பின் எத்தனை முறை விழுந்தோமோ அத்தனை புள்ளி மேல் கோட்டில். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் அதேபோல் கீழ்க் கோட்டில். பகலில் விழும் ஒவ்வொரு முறையும் அப்போதே நெஞ்சில் கை வைத்துக்கொள்ளச் சொல்கிறார், பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தெரியாதபடி. பிறகு கீழ்க் கோட்டை மேல் கோட்டோடும், இன்றைய நாளை நேற்றோடும், இந்த வாரத்தைப் போன வாரத்தோடும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். வாரத்தின் கடைசியை நோக்கிப் போகப் போகக் கோடுகளின் நீளமும் குறையும். எண்ணிக்கை குறையும் என்ற நம்பிக்கையைக் கோட்டிலேயே வரைந்துவைத்துவிட்டார் மனிதர்.

எந்தக் குறையை எடுப்பது? "பெருமை" என்று எடுக்காதீர்கள். அதை எண்ண முடியாது. மற்றவர் பேசும்போது இடைமறிப்பது, கதையைக் கூட்டிச் சொல்வது, இல்லாதவரைப் பற்றிக் குறை பேசுவது, கேட்டதற்கு "பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டுச் செய்யாமல் விடுவது, இப்படி விரலில் எண்ணக்கூடியதை எடுங்கள். எதை எடுப்பதென்று தெரியவில்லையா? கணவனையோ மனைவியையோ கேளுங்கள். யோசிக்காமல் சொல்வார்கள்.

முதல் வாரம் புள்ளிகள் கூடும், பயப்பட வேண்டாம். நீங்கள் கெட்டுப்போகவில்லை, கண் திறந்திருக்கிறது. மூன்றாம் நான்காம் வாரத்திலும் துளிகூடக் குறையவில்லை என்றால் தவறான குறையைப் பிடித்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். மேலே தெரியும் இலையைக் கிள்ளுகிறீர்கள், வேர் வேறெங்கோ இருக்கிறது. மூன்றாம் படியின் நான்கு கேள்விகளுக்குத் திரும்புங்கள்.

வாரம் ஒரு முறை: நிலம் பார்த்தல்

ஞாயிறு ஆராதனை அல்லது திருப்பலி முடிந்த அன்று மாலை, 20 நிமிடம். விதைக்கிறவன் உவமையை மாற்கு 4-இலிருந்து வாசித்துவிட்டு, அன்று கேட்ட வசனம் இப்போது எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பலர் இந்த உவமையை "நான் எந்த நிலம்?" என்று கேட்டு, அடக்கமாக "முள் நிலம்" என்று பதில் சொல்லி முடித்துவிடுகிறார்கள். ஒரே வயலில் நான்கும் இருக்கும் என்பது வயல் பார்த்தவர்களுக்குத் தெரியும். வரப்பு மிதிபட்டு இறுகியிருக்கும், ஓரத்தில் பாறை இருக்கும், மூலையில் முள் இருக்கும், நடுவில் நல்ல மண்ணும் இருக்கும். எனவே கேள்வியை மாற்றுங்கள்: என் வாழ்க்கையில் எந்தப் பகுதி எந்த நிலம்?

பல முறை கேட்டுக் கேட்டு மரத்துப்போன விஷயம் வழியோரம். பணம் கொடுக்கல் வாங்கல் பற்றிய பிரசங்கம் வந்தாலே கைக்கடிகாரத்தைப் பார்க்கிறீர்களென்றால் அங்கே வரப்பு இறுகியிருக்கிறது. கூட்டத்தில் கண்ணீர் விட்டு, புதன்கிழமைக்குள் ஆவியாகிப்போன தீர்மானம் பாறை. முள் என்பதை இயேசுவே விளக்குகிறார்: உலகக் கவலைகள், ஐசுவரியத்தின் மயக்கம், மற்றவைகளைப் பற்றிய இச்சைகள். இதில் கவலை முதலில் நிற்பதைக் கவனியுங்கள். கவலையைப் பாவக் கணக்கில் சேர்க்காமல் பொறுப்புணர்ச்சி என்று மரியாதை கொடுத்து வைத்திருக்கிறோம். பிள்ளையின் நீட் தேர்வுக்காகத் தூங்காமல் கிடப்பதை யாரும் முள் என்று சொல்வதில்லை. ஆனால் பயிரை நெருக்குவதில் பேராசைக்கு அது சளைத்தது அல்ல.

நல்ல நிலம் எது என்பதையும் எழுதி வையுங்கள். எந்த விஷயத்தில் வசனம் முளைத்துப் பலன் தந்திருக்கிறது? அதையும் காணத் தெரிய வேண்டும்.

திருவிருந்துக்கும் ஒப்புரவுக்கும் முன்

"எந்த மனுஷனும் தன்னைத்தானே சோதித்தறிந்து, இந்த அப்பத்தில் புசித்து, இந்தப் பாத்திரத்தில் பானம்பண்ணக்கடவன்" என்கிறது 1 கொரிந்தியர் 11:28. இந்த வசனத்தைக் கேட்டுப் பயந்து, திருவிருந்து ஞாயிறன்று பின் வரிசையிலிருந்து நழுவிப் போகிறவர்கள் சபைதோறும் உண்டு. வசனத்தை மறுபடி வாசியுங்கள். சோதித்தறிந்து விலகக்கடவன் என்று அதில் இல்லை. சோதித்தறிந்து புசிக்கக்கடவன் என்றுதான் இருக்கிறது. சோதனை வாசலைப் பூட்டுவதற்கு அல்ல, கையைக் கழுவிக்கொண்டு பந்தியில் உட்காருவதற்கு.

பவுல் அங்கே எந்தப் பாவத்தைப் பற்றிப் பேசுகிறார் என்பதையும் 21, 22-ஆம் வசனங்களில் பாருங்கள். கொரிந்துவில் வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு சாப்பிட்டார்கள், இல்லாதவர்கள் பசியாய் இருந்தார்கள். ஆகவே திருவிருந்துக்கு முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இந்தச் சபையில் நான் யாரைத் தாழ்வாக நடத்தினேன் என்பதுதான். யாரோடு பேச்சுவார்த்தை இல்லை? சாதியையோ வசதியையோ பார்த்து யாருடைய பக்கத்தில் உட்காராமல் தள்ளிப் போனேன்? கல்லறையிலும் பந்தியிலும் சாதி பார்த்த பழக்கம் நம் சபைகளின் வரலாற்றில் இருக்கிறது என்பதால் இந்தக் கேள்வி நமக்குக் கொரிந்தியருக்குக் குறையாமல் பொருந்தும்.

கத்தோலிக்கர் ஒப்புரவு அருட்சாதனத்துக்கு (பாவசங்கீர்த்தனத்துக்கு) தயாராகும்போது இரவுச் சோதனை நோட்டு பெரும் உதவி. சாவான பாவங்களை, அதாவது கனமான பாவங்களை, வகையும் எண்ணிக்கையுமாகச் சொல்ல வேண்டும் என்பது திருச்சபை ஒழுங்கு, கதை சொல்ல வேண்டியதில்லை, பிறர் பெயரை இழுக்க வேண்டியதில்லை, "அவர் அப்படிப் பேசினதால்தான் நான்..." என்று தொடங்கவே கூடாது. பத்துக் கட்டளைகளை வரிசையாக வைத்துப் பார்ப்பது எளிய வழி. இணையத்திலோ நண்பரிடமோ பட்டியல் வாங்கினால் ஒன்றைக் கவனியுங்கள்: கத்தோலிக்கரும் லூத்தரன் சபையினரும் எண்ணும் வரிசை வேறு, மற்றச் சீர்திருத்தச் சபையினர் எண்ணும் வரிசை வேறு. கொலை செய்யாதே என்பது முதலாமவர்களுக்கு 5, இரண்டாமவர்களுக்கு 6. எண்ணை விட்டுவிட்டுக் கட்டளையைச் சொன்னால் குழப்பமில்லை.

இன்னொருவரின் கண்

தன் முதுகைத் தானே பார்க்க முடியாது. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1738-இல் சிறு குழுக்களுக்கு எழுதிய விதிகளில், வாரந்தோறும் ஒருவரையொருவர் கேட்க வேண்டிய கேள்விகள் உண்டு: போன சந்திப்புக்குப் பிறகு அறிந்து செய்த பாவம் என்ன? என்ன பாவத் தூண்டுதல் வந்தது, எப்படித் தப்பினீர்கள்? பாவமா இல்லையா என்று சந்தேகப்படும் காரியம் ஏதாவது உண்டா? இவற்றைப் பத்துப் பேர் கூடும் ஜெபக் குழுவில் கேட்காதீர்கள். ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண், ஒரே ஒருவர், வாயடக்கம் உள்ளவர். "உங்களுக்காக ஜெபிக்கத்தான் அவங்ககிட்ட சொன்னேன்" என்று சொல்லிச் செய்தி பரப்பும் பழக்கம் நம் சபைகளில் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். அப்படிப்பட்டவர் நல்லவராக இருக்கலாம். உங்கள் துணை அவர் அல்ல.

கெட்டுப்போகும் விதங்கள்

சோதனை பிறர்மேல் திரும்பிவிடுவது சர்வசாதாரணம். மூன்றாம் படியில் உட்கார்ந்து பார்த்தால் மாமியார் பேசியது, மேலதிகாரி செய்தது, அண்ணன் பங்கு பிரித்தது என்று ஓடும். அடையாளம் எளிது: உங்கள் வாக்கியத்தின் எழுவாய் "அவர்" ஆக இருந்தால் வண்டி தடம் மாறிவிட்டது. காயம் உண்மையானதாக இருந்தால் அதையும் ஆண்டவரிடம் சொல்லுங்கள், ஆனால் அது முறையீடு, அதற்கு வேறு நேரம். அடிபடுகிறவர், வீட்டில் வன்முறைக்கு ஆளாகிறவர், "என் தவறு எது?" என்று தேட வேண்டியதே இல்லை. அவர் தேட வேண்டியது பாதுகாப்பான இடமும் உதவிக்கு ஆளும்.

இன்னொன்று, செய்ய வேண்டியதை ஜெபத்தால் ஈடுகட்டுவது. வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுக்காமல் இரவுதோறும் மன்னிப்புக் கேட்பதில் அர்த்தமில்லை. காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு, முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்று மத்தேயு 5:24 சொல்வது அதனால்தான்.

மிக ஆபத்தானது, தொட்டதெல்லாம் பாவமோ என்ற அச்சம். சிறிய கூரான கல் என்று பொருள்படும் லத்தீன் சொல்லால் இதைக் குறித்தார்கள். செருப்புக்குள் புகுந்த கல் போல, அடி எடுத்து வைக்கும்போதெல்லாம் குத்தும். ஸ்பெயினின் மன்ரேசா ஊரில் இருந்த மாதங்களில் இஞ்ஞாசியாரே இதில் சிக்கினார். அறிக்கையிட்ட பாவங்களையே திரும்பத் திரும்ப அறிக்கையிட்டார், நிம்மதி கிடைக்கவில்லை, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வரை போனார். இளம் துறவியாக இருந்த லூத்தரும் மணிக்கணக்கில் பாவ அறிக்கை செய்து ஓயாமல் தவித்தவர்தான்.

உங்களுக்கு இது இருக்கிறதா என்று அறிய: மன்னிப்புக் கேட்ட அதே பாவத்துக்கு அதே இரவில் மூன்றாம் முறை கேட்கிறீர்களா? சரியாகச் சொல்லவில்லையோ என்று ஜெபத்தை முதலிலிருந்து தொடங்குகிறீர்களா? ஆமென்றால் இந்தக் கட்டுரையின் முறையை இப்போதைக்கு நிறுத்திவையுங்கள். நன்றிப் படியை மட்டும் செய்யுங்கள். ஒரே ஒரு குருவையோ போதகரையோ வைத்துக்கொண்டு, "இது முடிந்தது, இனிப் பேச வேண்டாம்" என்று அவர் சொன்னால் கீழ்ப்படியுங்கள். தூக்கம், சாப்பாடு, வேலை கெடும் அளவுக்குப் போனால் மனநல மருத்துவரைப் பாருங்கள். அது விசுவாசக் குறைவு அல்ல, காய்ச்சலுக்கு மருந்து வாங்குவது போலத்தான். சாகலாம் என்ற எண்ணம் வந்தால் அன்றைக்கே, தனியாக இராமல், யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள்.

குற்றவுணர்வு ஆண்டவர் தந்ததா, வெறும் குத்தலா என்று பிரித்துப் பார்க்க 2 கொரிந்தியர் 7:10 உதவும். தேவனுக்கேற்ற துக்கம் ஒரு குறிப்பிட்ட காரியத்தைக் காட்டி, ஒரு வழியையும் காட்டும். மற்றது "நீயெல்லாம் ஒரு ஆளா" என்று மொத்தமாக அமுக்கும், வாசலைக் காட்டாது. பேதுருவும் மறுதலித்தான், யூதாசும் காட்டிக்கொடுத்தான், இருவரும் மனம் நொந்தார்கள். ஒருவனுடைய அழுகை அவனைக் கரைக்குக் கொண்டுவந்து இயேசுவிடம் சேர்த்தது. மற்றவன் பிரதான ஆசாரியரிடம் போய் வெள்ளிக்காசை எறிந்துவிட்டுத் தனியே போனான்.

வறட்சி வரும் நாட்களும் உண்டு. எதுவும் தட்டாது, ஜெபம் மரக்கட்டை போல இருக்கும். அப்படிப்பட்ட நாட்களில் முன்பு எடுத்த தீர்மானங்களை மாற்றக் கூடாது என்பது இஞ்ஞாசியாரின் உறுதியான விதி. ஊழியத்தை விடுவது, சபை மாறுவது, நிச்சயத்தை முறிப்பது எதையும் வறட்சியில் முடிவு செய்யாதீர்கள். 15 நிமிடத்தைக் குறைக்கவும் வேண்டாம். சற்றுக் கூடுதலாகவே உட்காரச் சொல்கிறார் அவர்.

நான்கு நாள் விட்டுப்போய்விட்டதா? விட்ட நாட்களைச் சேர்த்துப் பார்க்க முயலாதீர்கள்; நினைவும் வராது, சலிப்பும் வரும். நோட்டில் அந்த நான்கு வரிசையைக் காலியாக விட்டுவிட்டு, இன்றைய தேதியைப் போட்டு, இன்று காலை எழுந்ததிலிருந்து தொடங்குங்கள். முதலில் நன்றி.